மாணவர்களும் கைபேசியும்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிப்பவள் என்பதால், கைபேசி தொடர்பான எந்தச் சிக்கலும் கடைசியில் என் மேசைக்கே வந்து சேரும். பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் வகுப்பு முடிந்த பின் வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டங்களும் உதவி எண்களும் இந்தியாவுக்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டுக்கு உரியவை. அவசரச் சிக்கலில் இருப்பவர்கள் மற்றவற்றைத் தவிர்த்துவிட்டு நேராக 13ஆம் கேள்விக்குச் செல்லவும்.

1. பையன் ஆறாவது படிக்கிறான். கூடப் படிக்கிற எல்லார்கிட்டயும் போன் இருக்காம். எந்த வயசுல வாங்கித் தரலாம், டீச்சர்?

"எல்லாரிடமும்" என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அது அம்மாவின் கைபேசியாகவோ அண்ணனின் கைபேசியாகவோதான் இருக்கும். கைபேசி வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் வயது வரம்பு எதுவும் இல்லை. ஆனால் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஸ்நாப்சாட் ஆகிய நிறுவனங்கள் தங்கள் விதிகளிலேயே 13 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கின்றன. ஆறாம் வகுப்பு மாணவனுக்கு அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.

தனியே பேருந்தில் வந்து போகிறான், தொடர்புகொள்ள வேண்டும் என்றால் சாதாரணப் பொத்தான் கைபேசி போதும். இணையம் வேண்டும் என்றால் வீட்டுக்குப் பொதுவான ஒரு கைபேசியைக் கூடத்தில் வைத்துப் பயன்படுத்தட்டும். தனிக் கைபேசிக்கு அவன் தயாராகிவிட்டானா என்பதற்கு வயதைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு: முன்பின் தெரியாத ஒருவர் ஒரு படமோ செய்தியோ அனுப்பினால், அதை உங்களிடம் வந்து சொல்வானா? "சொல்வான்" என்று உங்களால் உறுதியாகக் கூற முடியவில்லை என்றால், வாங்கித் தருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

2. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம்? ஒரு கணக்குச் சொல்லுங்க.

சிறு பிள்ளைகளுக்குக் கணக்கு உண்டு. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல்படி, 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் எப்போதாவது காணொளியில் பேசுவதைத் தவிர, திரை கூடவே கூடாது. 2 முதல் 5 வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள், அதுவும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது அவர்கள் பரிந்துரை.

10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வழிகாட்டுதல் மணிக்கணக்கு எதையும் விதிக்கவில்லை. உறக்கம், விளையாட்டு, படிப்பு, குடும்பத்தோடு இருக்கும் நேரம் ஆகியவற்றைத் திரை தின்றுவிடக் கூடாது என்றே கூறுகிறது. அது சரியான அணுகுமுறை என்பது என் கருத்து. ஒரு மணி நேரம் உயிரியல் பாடக் காணொளி பார்த்த பிள்ளையையும், ஒரு மணி நேரம் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்த பிள்ளையையும் ஒரே எண்ணால் அளக்க முடியாது. ஆனால் ஒரு விதியில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை: இரவில் கைபேசி படுக்கையறைக்குள் போகக் கூடாது. "அலாரம் வைக்கணும்" என்று சொல்வார்கள். இருநூறு ரூபாய்க்கு அலாரக் கடிகாரம் கிடைக்கிறது. காலை முதல் பாடவேளையில் தூங்கி விழும் பிள்ளைகளிடம் மெல்ல விசாரித்தால், பெரும்பாலும் நள்ளிரவு வரை தலையணைக்கு அடியில் எரிந்த திரைதான் காரணமாக இருக்கிறது.

3. வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்லதான் வருது. படிக்கத்தான் போன்னு சொல்லி வாங்கிட்டுப் போறான். என்ன பண்றது?

இதில் பாதிப் பொறுப்பு எங்களுடையது. பெருந்தொற்றுக் காலத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கத்தைப் பள்ளிகள் திறந்த பிறகும் நாங்கள் கைவிடவில்லை. கரும்பலகையில் எழுதி நாட்குறிப்பில் குறிக்கச் சொல்லக்கூடிய வீட்டுப்பாடத்தை இரவு எட்டரை மணிக்குக் குழுவில் போடும் ஆசிரியர், அந்த மாணவன் கையில் கைபேசியைத் தாமே எடுத்துக் கொடுக்கிறார். குழு வேண்டுமென்றால் அது பெற்றோர் எண்களைக் கொண்ட குழுவாக இருக்கட்டும். மாலை ஆறு மணிக்கு மேல் எதுவும் அனுப்புவதில்லை என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் பள்ளியில் அப்படி இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பெற்றோர் கேட்டால் நடக்கும்.

"படிக்கத்தான்" என்பது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. நாட்டின் பள்ளிக் கல்வி நிலையை அளக்கும் ஏசர் (ASER) ஆய்வு, 2024ஆம் ஆண்டுக்கான பதிப்பில், கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இதைக் கேட்டது. கைபேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் 57% பேர் முந்தைய வாரத்தில் படிப்பு சார்ந்த ஏதாவது ஒன்றுக்கு அதைப் பயன்படுத்தியிருந்தார்கள்; சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய 76%. ஆகவே "எதற்கு வேண்டும், எவ்வளவு நேரத்தில் முடியும்?" என்று கொடுக்கும்போதே கேளுங்கள். பாடநூலில் அச்சிடப்பட்டுள்ள க்யூஆர் குறியீட்டைத் திறக்கவா, கணக்கு ஒன்றுக்கு விளக்கம் தேடவா என்று அவன் வாயால் சொன்ன பிறகு கொடுத்தால், முடிந்ததும் திரும்பக் கேட்பது சண்டையாகாது. பாடக் காணொளி மட்டும்தான் தேவை என்றால் கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. அங்கே பக்கவாட்டில் வேறு எதுவும் ஓடி அழைப்பதில்லை.

4. எடுத்தா கீழ வைக்க மாட்டேங்கிறா. அவளுக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?

உங்கள் மகளிடம் குறை தேடுவதற்கு முன், அவள் கையிலிருக்கும் பொருள் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய இணையப் பக்கங்களுக்கு முடிவு இருந்தது, கடைசி வரி வந்ததும் "போதுமா?" என்று மனம் தானாகக் கேட்டுக்கொள்ளும். இப்போது அந்த முடிவை எடுத்துவிட்டார்கள். விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கிறது. ஒரு காணொளி முடியும் முன்பே அடுத்தது தயாராக நிற்கிறது. ஸ்நாப்சாட்டில் தோழியோடு நாள் தவறாமல் படம் பரிமாறினால் எண் ஒன்று ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் விட்டால் அந்த எண்ணிக்கை அறுந்துவிடும். அதை அறுந்துவிடாமல் காக்க, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகூடக் கைபேசியைத் தேடுகிறது. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம் விற்கும் என்பதே இந்த நிறுவனங்களின் வருமான வழி.

இதை மாணவர்களிடம் அறிவுரையாகச் சொன்னால் காதில் ஏறாது. நான் ஒன்பதாம் வகுப்பில் செய்வது இதுதான்: வீட்டிலுள்ள கைபேசிக்கு மாலை ஆறு முதல் எட்டு வரை வரும் அறிவிப்புகளை ஒரு தாளில் எழுதிவரச் சொல்வேன், ஒவ்வொன்றுக்கும் எதிரே "மனிதர் அனுப்பியது" அல்லது "செயலி அனுப்பியது" என்று குறிக்க வேண்டும். மறுநாள் எண்ணிப் பார்க்கும்போது, தங்களைக் கூப்பிட்டவர்களில் பெரும்பாலோர் மனிதர்களே அல்லர் என்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். ஏமாற்றப்படுவதை எந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையும் விரும்புவதில்லை. அன்று மாலையே பலர் அறிவிப்புகளை அணைத்துவிடுகிறார்கள். சிலர் ஒரு வாரத்தில் மறுபடி போட்டுவிடுகிறார்கள் என்பதும் உண்மைதான். அப்போதும் எதைப் போடுகிறோம் என்று தெரிந்துதான் போடுகிறார்கள்.

5. மிஸ், எங்க அப்பாவே ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்க்கிறாரு. எனக்கு மட்டும் ஏன் ரூல்ஸ்?

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டது. பெற்றோர் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் இதை வாசித்துக் காட்டினேன். அரங்கில் சிரிப்பு எழுந்தது, பிறகு அமைதியானது. அவன் கேட்டது நியாயம். சாப்பிடும்போது கைபேசி கூடாது, இரவு பத்து மணிக்கு எல்லாக் கைபேசிகளும் கூடத்து அலமாரியில் என்று வீட்டில் விதி வைத்தால், அதில் அப்பாவின் கைபேசியும் இருக்க வேண்டும். பணி காரணமாக இரவில் அழைப்பு வரக்கூடியவர்கள் அதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஒலியை மட்டும் கூட்டி வைக்கலாம்.

6. பொண்ணு இன்ஸ்டால யாரோ ஒரு பையன்கூடப் பேசிட்டிருந்தா. போனைப் பிடுங்கி உடைச்சுட்டேன். படிப்பையும் நிறுத்திடலாம்னு வீட்ல சொல்றாங்க.

படிப்பை நிறுத்துவது பற்றிய பேச்சை முதலில் விடுங்கள். கைபேசியில் நடந்த ஒன்றுக்காகப் பள்ளியை நிறுத்துவது, அவளைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களையும் தோழிகளையும் ஒரே நாளில் அகற்றிவிடும். பையன்களுக்கு இப்படிப்பட்ட தண்டனை விதிக்கப்படுவதை நான் பார்த்ததே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கைபேசியை உடைத்ததால் அந்தத் தொடர்பு அறுந்துவிட்டதா? கடவுச்சொல் அவள் நினைவில் இருக்கிறது. தோழியின் கைபேசியில் மறுபடி நுழைய அரை நிமிடம் போதும். அவளுக்கு உறுதியாகப் புரிந்தது ஒன்றே: அடுத்த முறை எது நடந்தாலும் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. மறுமுனையில் இருப்பவன் உண்மையில் வகுப்புத் தோழனாக இருக்கலாம், நாற்பது வயது ஆளாகவும் இருக்கலாம். அப்படி ஒருவன் மிரட்டத் தொடங்கினால், "உன் வீட்டில் சொல்லிவிடுவேன்" என்பதே அவன் கையிலிருக்கும் ஆயுதம். வீட்டின் கோபம் பெரிதாக இருக்க இருக்க, அந்த ஆயுதம் கூராகும்.

இப்போது செய்யக்கூடியது: கோபம் தணிந்த பிறகு, அம்மாவோ அத்தையோ அவள் நம்பும் ஒருவரோ பேசட்டும். அவன் யார், நேரில் தெரியுமா, படம் ஏதும் கேட்டானா, பணம் கேட்டானா, "வீட்டில் சொல்லாதே" என்றானா? கடைசி மூன்றில் எதற்கேனும் "ஆம்" என்றால் 13ஆம் கேள்வியைப் படியுங்கள். எதற்கும் "இல்லை" என்றால், அது பதின்ம வயதில் இயல்பாக நடக்கும் பேச்சு; இனி என்ன எல்லை என்று நிதானமாகப் பேசி முடிவு செய்யலாம்.

7. அவனுக்குத் தெரியாம அவன் போனைப் பார்க்கலாமா?

தெரியாமல் என்றால், வேண்டாம். தெரிந்தே என்றால், வயதைப் பொறுத்தது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் "இந்தக் கைபேசியின் கடவுச்சொல் எனக்குத் தெரிந்திருக்கும், அவ்வப்போது பார்ப்பேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் பார்க்கலாம். கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்ற செயலிகளில் நேர வரம்பு வைக்கவும், புதிய செயலியைப் பதிவிறக்க உங்கள் ஒப்புதலைக் கேட்கச் செய்யவும் முடியும். பதினாறு, பதினேழு வயதானவரின் உரையாடல்களை வரி வரியாகப் படிப்பது வேறு. அந்த வயதில் அவரது அமைப்புகளை ஒன்றாக உட்கார்ந்து சரிபார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் இந்த எல்லையைத் தாண்டலாம். அப்போதும் பார்த்ததை அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்துப் பார்த்தது பின்னால் தெரியவரும்போது, 6ஆம் பதிலில் சொன்னது இங்கும் நடக்கும்: இன்னொரு ரகசியக் கணக்கு முளைக்கும்.

8. பிறந்த வருஷத்தை மாத்திப் போட்டு அக்கவுண்ட் ஆரம்பிச்சுட்டா. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்களாம். அதனால என்ன?

அதனால் அவளுக்கே நட்டம். இன்ஸ்டாகிராம் 2024இல் பதின்ம வயதினருக்கென்று தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்து, 2025 தொடக்கத்தில் இந்தியாவுக்கும் விரிவுபடுத்தியது. அதன்படி 18 வயதுக்குட்பட்டோரின் கணக்கு தானாகவே பூட்டப்பட்டதாக, அவர்கள் ஏற்றுக்கொண்டவர்கள் மட்டுமே பார்க்கக்கூடியதாக இருக்கும். தொடர்பில் இல்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. இரவு பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்புகள் ஒலிக்காது. 16 வயதுக்குட்பட்டவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பிறந்த ஆண்டை 2002 என்று போட்ட பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு இந்தப் பாதுகாப்புகளில் ஒன்றுகூடக் கிடைக்காது. நிறுவனத்தின் பார்வையில் அவள் வயதுவந்த பெண்.

13 வயது நிறையாதவள் என்றால் கணக்கை நீக்கிவிடுவதே முறை. நிறைந்தவள் என்றால் வயதைத் திருத்தச் சொல்லுங்கள். கூடவே வாட்ஸ்அப்பில் "என்னைக் குழுக்களில் யார் சேர்க்கலாம்" என்ற அமைப்பைத் தொடர்பிலுள்ளவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். முன்பின் அறியாத குழுக்களில் பிள்ளைகள் போய்ச் சேர்வது பெரும்பாலும் அந்த ஒரு திறந்த கதவின் வழியாகத்தான்.

9. ஆஸ்திரேலியா மாதிரி நாமளும் தடை போட்டுட்டா வேலை முடிஞ்சுதே?

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. கவனிக்க வேண்டியது, அங்கே தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ கிடையாது. தடுக்கத் தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பொறுப்பை உரிய இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதால் அந்தச் சட்டத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து கவனித்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் கூறுகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் இக்கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

ஆனால் எந்தத் தடையும் பதினாறாம் பிறந்தநாளன்று முடிந்துபோகும். அன்று முதன்முறையாக உள்ளே நுழைபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை யாராவது கற்பித்தே ஆக வேண்டும். 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது பிள்ளைகள் குறுங்காணொளிகளை விட்டுவிடவில்லை. வேறு செயலிக்கு இடம் மாறினார்கள்.

10. கிளாஸ் பசங்களே ஒரு குரூப் வச்சுக்கிட்டு ஒருத்தனைக் கிண்டல் பண்றாங்க. பள்ளிக்கு வெளியே நடக்கிறதுல நாம தலையிடலாமா?

இளம் ஆசிரியர் ஒருவரின் கேள்வி. குழு பள்ளிக்கு வெளியே இருக்கலாம். கிண்டலுக்கு உள்ளானவனும் கிண்டல் செய்தவர்களும் மறுநாள் காலை ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். தலையிட வேண்டும். முன்பெல்லாம் பள்ளி மணி அடித்தால் கேலி முடிந்துவிடும். இப்போது அது பையனோடு வீட்டுக்குள் வந்து, இரவிலும் தொடர்கிறது.

வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் விசாரிப்பது அவனை இன்னொரு முறை அவமானப்படுத்துவதாகும். அவனிடம் தனியே பேசுங்கள். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்தச் செய்திகளில் ஆபாசமான படம் ஏதும் இருந்தால் மட்டும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ அனுப்பவோ கூடாது. காரணம் 13இல் இருக்கிறது. பிறகு தொடங்கியவனிடமும், வாயே திறக்காமல் சிரிப்புப் பொம்மை மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர்களிடமும் தனித்தனியே பேச வேண்டும். என் அனுபவத்தில் பின்னவர்களிடம் பேசுவதே அதிகம் பலன் தருகிறது. பார்ப்பவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கிண்டல் இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். சாதிப் பெயரைச் சொல்லியோ உடலைச் சொல்லியோ நடந்திருந்தால் அதைக் "கிண்டல்" என்று பதிவு செய்யாதீர்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். நேரில் சொல்லத் தயங்கும் மாணவர்களுக்காகப் பள்ளிகளில் "மாணவர் மனசு" பெட்டி இருக்கிறது. அதைத் தூசு தட்டி, வாரம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள்.

11. வர்ற செய்தி உண்மையா பொய்யான்னு பசங்களுக்கு எப்படிச் சொல்லித் தர்றது? எங்களுக்கே தெரியலையே.

நான் இரண்டு நிகழ்வுகளை வைத்துப் பாடம் நடத்துகிறேன். இரண்டும் நம் மாநிலத்தில் நடந்தவை. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவியிருந்த வேளையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பம் ஒன்று வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊரார் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. இரண்டாவது, 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பரவிய காணொளிகள். வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் காட்சிகள் அவை. பீதியில் தொழிலாளர்கள் ஊர் திரும்பத் தொடங்கினர். பீகார் அரசு அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்து அச்சம் தேவையில்லை என்று அறிய வேண்டியிருந்தது.

இரண்டையும் சொன்ன பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: "அனுப்பியவர்கள் எல்லாரும் கெட்டவர்களா?" இல்லை. பெரும்பாலோர் அக்கறையில் அனுப்பியவர்கள். பயமோ கோபமோ பொங்கும் நேரத்தில் விரல் தானாக அழுத்திவிடுகிறது. அந்த நேரத்தில் நிறுத்தப் பழகுவதே பாதிப் பாடம். மீதிப் பாதி தொழில்நுட்பம், அது எளிது. "பலமுறை பகிரப்பட்டது" என்ற இரட்டை அம்புக்குறி இருக்கிறதா, தேதியும் இடமும் இருக்கின்றனவா, நாளிதழ் எதிலாவது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படத்தை கூகுள் லென்ஸில் போட்டால், அதே படம் முன்பு எப்போது, எங்கே வெளியானது என்பது பலமுறை தெரிந்துவிடும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கற்றுக்கொண்டு போய், தன் தாத்தாவின் குடும்பக் குழுவில் வந்த "அதிசயப் பாம்பு" படத்தைத் தோலுரித்துவிட்டாள். தாத்தா இரண்டு நாள் பேசவில்லையாம். பெரியவர்களைத் திருத்தும்போது எல்லார் முன்னிலையிலும் செய்யாமல் தனியே சொல்ல வேண்டும் என்பதையும் அதற்குப் பிறகு பாடத்தில் சேர்த்துக்கொண்டேன்.

12. ப்ராஜெக்ட், கட்டுரை எல்லாத்தையும் சாட்ஜிபிடில எழுதிட்டு வர்றாங்க. விளையாட்டுல காசு வேற போகுது. ரெண்டுக்கும் சேர்த்துச் சொல்லுங்க.

செயற்கை நுண்ணறிவைத் தடை செய்ய என்னால் முடியாது; மதிப்பெண் வாங்கும் வழியை மாற்ற முடியும். "நீர் மேலாண்மை பற்றிக் கட்டுரை எழுது" என்றால் முப்பது பேரும் ஒரே கட்டுரையைத்தான் தருவார்கள். "உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, மதகு எங்கே இருக்கிறது, வீட்டிலுள்ள பெரியவரிடம் கேட்டு எழுது" என்றால் இயந்திரத்துக்குத் தெரியாது. இன்னொரு பயிற்சி: நட்பைப் பற்றி ஐந்து குறள்களை எண்ணோடு தரச் சொல்லி, பாடநூலோடும் நூலகத்து உரைநூலோடும் ஒப்பிடச் செய்வது. சில சமயம் வள்ளுவர் எழுதாத குறளையும் அது தயங்காமல் எண் போட்டுத் தந்துவிடும். அதைக் கண்டுபிடித்த வகுப்பு, பிறகு எதையும் சரிபார்க்காமல் எழுதத் தயங்குகிறது. சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயது நிறைந்திருக்க வேண்டும். 18 வரை பெற்றோர் ஒப்புதல் வேண்டும்.

விளையாட்டைப் பொறுத்தவரை, பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. தமிழ்நாடு 2022இலேயே இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் ஆட்டத்துக்குள் துப்பாக்கியும் உடையும் வைரமும் வாங்கச் செலவிடும் பணம் அந்தத் தடைக்குள் வராது. உங்கள் யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைக்குத் தெரியவிடாதீர்கள்; பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். நிறைய விளையாடுவது மட்டுமே நோயாகிவிடாது. கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றையும் விட்டு, கேடு வந்த பிறகும் தொடர்வது, அதுவும் பொதுவாக ஓராண்டு நீடிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனம் இதற்கு அளவுகோல் வைத்திருக்கிறது. அப்படித் தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

13. படத்தை வச்சு மிரட்டுறாங்கன்னு ஒரு மாணவி அழுதுட்டே சொல்றா. முதல்ல என்ன செய்யணும்?

முதலில், "ஏன் அனுப்பினாய்?" என்று கேட்காதீர்கள். அவள் வந்து சொன்னதே பெரிய துணிச்சல். "நீ சொன்னது நல்லது, இது உன் குற்றம் இல்லை, நாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லுங்கள். படம் அவளே அனுப்பியதாக இருந்தாலும், செயற்கை நுண்ணறிவால் முகத்தை ஒட்டிச் செய்த போலியாக இருந்தாலும், செய்ய வேண்டியவை ஒன்றே. அன்று அவளைத் தனியே விடாதீர்கள்; வீட்டில் சொல்லும்போது, அவள் விரும்பினால், நீங்களும் உடன் இருங்கள். பையன்களுக்கும் இது நேர்கிறது, அவர்கள் இன்னும் தாமதமாகவே சொல்கிறார்கள்.

மிரட்டுபவருக்குப் பணமோ இன்னொரு படமோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கேட்பது நிற்காது. உரையாடலை அழிக்க வேண்டாம். கணக்கின் பெயர், எண், தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் படத்தை உங்கள் கைபேசிக்கு மாற்றவோ, "ஆதாரத்துக்காக" தலைமையாசிரியருக்கு அனுப்பவோ கூடாது. 18 வயதுக்குட்பட்டவரின் பாலியல் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்கீழ் குற்றம்; முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை. பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகாது என்ற வகையில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் ரத்து செய்தது. ஆதாரம் அவள் கைபேசியிலேயே இருக்கட்டும், காவல்துறை எடுத்துக்கொள்ளும்.

குழந்தைகள் உதவி எண் 1098. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930. இணையவழிக் குற்றங்களுக்கான தேசியப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி உண்டு. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, இத்தகைய குற்றம் தெரியவந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நாமே பேசி முடித்துக்கொள்வோம்" என்று சொல்பவர்களிடம் இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுங்கள். படம் பரவாமல் தடுக்க "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை உதவும்: படத்தைப் பதிவேற்றாமல், கைபேசியிலேயே அதற்கொரு எண்முத்திரை (கைரேகைபோல் அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு) உருவாக்கி, அந்த முத்திரையை மட்டும் பங்கேற்கும் நிறுவனங்களுக்கு அனுப்புகிறது, அவை பொருந்தும் படங்களைக் கண்டறிந்து நீக்குகின்றன.

14. இவ்வளவு சொல்றீங்க. ஆண்டுவிழா போட்டோவைப் பள்ளியே ஃபேஸ்புக்ல போடுதே, அதைக் கேட்க மாட்டீங்களா?

ஒரு தாயார் கேட்டது. இதற்குப் பதில் சொல்ல எங்கள் பக்கம் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. சீருடையில் பள்ளிப் பெயர், அடியில் மாணவியின் முழுப் பெயரும் வகுப்பும், முகம் தெளிவாக: இவற்றைச் சேர்த்துப் பொதுவெளியில் போட்டுவிட்டு, வகுப்பில் போய் "உங்கள் விவரங்களை யாருக்கும் தராதீர்கள்" என்று நாங்கள் பாடம் நடத்துகிறோம். மாணவர்களை ஆடவைத்து ஆசிரியர்களே ரீல்ஸ் போடுவது இன்னும் மோசம். அந்தப் பிள்ளை மறுக்கும் நிலையில் இல்லை.

எங்கள் பள்ளியில் இப்போது பின்பற்றுவது இவ்வளவுதான். சேர்க்கையின்போதே படம் வெளியிடலாமா என்று பெற்றோரிடம் எழுத்தில் கேட்கிறோம். எட்டாம் வகுப்புக்கு மேல் மாணவரிடமும் கேட்கிறோம், இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வெளியிடுவதில்லை. குழுப் படங்களாகவே போடுகிறோம், பெயர் சேர்ப்பதில்லை, பரிசு பெற்ற செய்தியை முகப்படம் இல்லாமலும் எழுத முடிகிறது. பழைய படத்தை நீக்கச் சொல்லி யாராவது கேட்டால், காரணம் கேட்காமல் அன்றே நீக்கிவிட வேண்டும் என்று பக்கத்தை நிர்வகிக்கும் ஆசிரியருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.